இரண்டு துண்டு, மூன்று ஜோடி கையுறை

தூண்டில் முள்ளின் காதில் நரம்பை, அதாவது தூண்டில் இழையை, கோத்து, ஐந்து சுற்று முறுக்கி, நுனியை அடியில் இருக்கும் கண்ணிக்குள் விட்டு, எச்சில் தொட்டு இழுத்தால் முடிச்சு விழும். இருட்டில்கூடப் போட்டிருக்கிறேன். அன்று காலை வரவில்லை. நரம்பு விரல்களுக்கு நடுவே இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாலாவது முறையும் நுனி நழுவியபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா தன் கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“கையைக் காட்டும்மா.”

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாம் கணு வரை மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தன.

“எத்தனை சட்டை போட்டிருக்கே?”

“அஞ்சு, சித்தப்பா.”

“கழுத்து வழியா உள்ளே கையை விட்டு, அடிச்சட்டையைத் தொட்டுப் பாரு.”

விரலுக்கு உணர்ச்சி இல்லை, அதனால் மணிக்கட்டை வைத்துத் தொட்டேன். சட்டை சில்லென்று நனைந்திருந்தது. மழை இல்லை. தண்ணீரில் இறங்கவும் இல்லை. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து ஏரிக்கரைக்கு நாற்பது நிமிஷ நடை. ஐந்து சட்டையையும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, பையையும் தூக்கிக்கொண்டு, விடிவதற்குள் போய்விட வேண்டுமென்று விறுவிறுவென்று நடந்ததில் வந்த வேர்வை அது. அடியில் இருந்தது பருத்திச் சட்டை. அது குடித்து வைத்திருந்த வேர்வையை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இது நடந்து ஆறு குளிர்காலம் ஆகிறது. அடுத்த வாரமே ஒரு நோட்டு வாங்கினேன். மீன் பிடிக்கப் போகும் ஒவ்வொரு நாளும் அதில் நாலு விஷயம் எழுதுவேன்: தெர்மாமீட்டர் என்ன காட்டியது, காற்று எப்படி, என்ன போட்டிருந்தேன், விரல் எத்தனை மணிக்கு மரத்தது. கிடைத்த மீன்களுக்குக் கடைசியில் ஒரு ஓரம். இப்போது நோட்டு பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. குளிரில் தூண்டில் போடப் போகிறவர்கள், முக்கியமாக என்னைப்போல விரல் வெளுக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போனால் ஒரு காலைப்பொழுதாவது வீணாகாமல் இருக்கும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மலை ஏறுகிறவர்களுக்கும் பனியில் ஓடுகிறவர்களுக்கும் சொல்லும் புத்திமதி தூண்டில்காரருக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். தசை வேலை செய்தபடி இருப்பதால் சூடு உள்ளிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். நாமோ கொஞ்ச நேரம் நடந்து வேர்த்துவிட்டு, பிறகு மணிக்கணக்கில் கல்லாக உட்காருகிறோம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு உண்டாக்கும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அவ்வளவுதான் நம்மிடம் இருக்கும் அடுப்பு. அதை வைத்துக்கொண்டு நனைந்த துணியை உலர்த்தவும் முடியாது, ஐஸ் மாதிரி இருக்கும் பாறையைச் சூடாக்கவும் முடியாது. அதோடு நம் தொழிலே தண்ணீரைத் தொடுவது. தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். தடியான கோட்டு போட்டும் நடுங்குகிறவர்களைப் பார்த்தால் முதலில் கேட்கத் தோன்றுவது, “எங்கே நனைஞ்சிருக்கீங்க?” என்பதுதான். அனேகமாக எங்கேயாவது நனைந்திருப்பார்கள். மணிக்கட்டு, காலுறை, முதுகு, இந்த மூன்றில் ஒன்று.

அதனால் இப்போது நடக்கும்போது குறைவாகத்தான் போடுகிறேன். அடியில் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, மேலே காற்று புகாத மெல்லிய ஜாக்கெட், அதுவும் ஜிப் பாதி திறந்தபடி. வண்டியை விட்டு இறங்கும்போது குளிரவேண்டும். முதல் பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தால் அப்புறம் சரியாகிவிடும். இறங்கும்போதே இதமாக இருந்தால் அளவுக்கு மேல் போட்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஒன்றைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். கரைக்குப் போனதும் உட்காருவதற்கு முன்னால் ஒரு மரத்தின் மறைவில் நின்று அடிச்சட்டையை மாற்றுவேன். உலர்ந்த சட்டை ஒன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி எப்போதும் கூட வரும். குளிரில் சட்டையைக் கழற்றும் அந்த அரை நிமிஷம் கொடுமைதான். ஆனால் அதற்குப் பிறகு கிடைக்கும் மூன்று மணி நேரம் வேறு மாதிரி இருக்கும். மாற்றிய பிறகுதான் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, பஞ்சு அடைத்த கோட்டு எல்லாம் ஏறும். உடம்பில் இருக்கும் சூட்டை அவை பிடித்து வைக்கும். போன சூட்டைத் திருப்பித் தராது. அதனால் குளிர ஆரம்பிக்கும் வரை காத்திருக்காமல், நடந்த சூடு இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

கம்பளியை ஏன் இவ்வளவு நம்புகிறேன் என்றால், அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. பாலியெஸ்டர் கிட்டத்தட்ட ஈரமே வாங்காது, சீக்கிரம் உலரும், ஆனால் இரண்டாம் நாள் நாறும். இரண்டில் எது வேண்டுமானாலும் போடலாம். பருத்தி மட்டும் வேண்டாம். உள்ளாடை, காலுறை எதுவும் பருத்தியில் வேண்டாம். இறகு அடைத்த கோட்டு எடை குறைவு, அருமையான சூடு, ஆனால் நனைந்தால் இறகு சப்பையாகிவிடும். துணி நம்மைச் சூடாக்குவதில்லை, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் காக்கிறது. இறகு சப்பையானால் அந்தக் காற்றுக்கு நிற்க இடமில்லை. தூறலும் பனிச்சேறும் இருக்கும் நாளில் நான் இறகுக் கோட்டை எடுத்துப் போவதே இல்லை.

இப்போது கை. என் நோட்டில் பாதிப் பக்கம் கையைப் பற்றித்தான்.

என் விரல்கள் வெளுப்பதற்குப் பெயர் உண்டென்று மருத்துவரிடம் போனபோது தெரிந்தது. மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-இல் விவரித்தது, அதனால் அவர் பெயராலேயே ரேனோ என்கிறார்கள். குளிர் பட்டதும் விரல்களுக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்கள் எல்லோருக்கும் சுருங்கும். எனக்கு அது அளவுக்கு மீறிச் சுருங்கி, விரல் முதலில் வெளுத்து, அப்புறம் நீலம் பாய்ந்து, சூடு திரும்பும்போது சிவந்து குத்தும். பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறதாம். பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லை, ஆனால் விரலில் புண் வந்தாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சித்தப்பாவுக்கு இதற்கு நேர் எதிர்க் கை. ஐஸ் தண்ணீரில் மீனைக் கழுவிவிட்டு வந்தாலும் அவர் உள்ளங்கை சூடாக இருக்கும். அவர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் கைபோட்டவர். தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930-இல் ஒன்றைக் கவனித்தார்: விரலை ஐஸ் தண்ணீரில் வைத்தால் முதலில் குளிர்ந்துபோகிறது, சில நிமிஷம் கழித்து அதுவாகவே கொஞ்சம் சூடாகிறது, மறுபடி குளிர்கிறது, மறுபடி சூடாகிறது. குழாய்கள் சுருங்கியே கிடந்தால் விரல் செத்துவிடும் என்பதால் உடம்பு அவ்வப்போது மடையைத் திறந்துவிடுவது மாதிரி. கனடாவின் காஸ்பே கரையோர மீனவர்களை 1960-இல் ஆராய்ந்தவர்கள், அவர்கள் கை குளிர்ந்த தண்ணீரில் மற்றவர்கள் கையைவிடச் சூடாக இருப்பதைக் கண்டார்கள். இதைப் படித்த அன்று சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கை சூடாக இருப்பதற்குப் பின்னால் எத்தனை குளிர்காலம் இருந்திருக்கும்!

எனக்கு அந்த மடை சரியாகத் திறக்காது. ஆகவே கையைக் காப்பாற்றும் வேலையை மணிக்கட்டுக்கு மேலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். விரலை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பாலானவை விரலிலே இல்லை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அங்கே குளிர்ந்தால் விரல் சூடாக இருந்தாலும் முடிச்சு போட வராது. பழைய கம்பளிக் காலுறை ஒன்றின் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, கணுக்கால் பகுதியை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏற்றிக்கொள்கிறேன். கை சூடுபடுத்தும் பையைக்கூட உள்ளங்கையில் வைப்பதைவிட மணிக்கட்டின் உள்பக்கம், நாடி பார்க்கும் இடத்தில், கம்பளிக்கு மேலே செருகினால் எனக்கு நன்றாக வேலை செய்கிறது.

அந்தப் பைகளைப் பற்றி ஒன்று. கடையில் கிடைக்கும் ஒருமுறைப் பையில் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி. காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கிறது, அந்தத் துரு பிடிக்கும் வேலையில் வரும் வெப்பம்தான் சூடு. காற்று இல்லாவிட்டால் அடங்கிவிடும். காற்றுப் புகாத கையுறைக்குள் திணித்துவிட்டு “இது கெட்டுப்போன பை” என்று எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே எடுத்து ஒரு நிமிஷம் உதறினாலே உயிர் வரும். இதே காரணத்தால் பாதியில் வீட்டுக்குக் கிளம்பினால் காற்றை வெளியேற்றிய ஜிப் பைக்குள் போட்டு மூடி வைக்கலாம். மிச்சச் சூடு அடுத்த நாளைக்கு இருக்கும். தகட்டைச் சொடுக்கியதும் கெட்டியாகிச் சூடாகும் இன்னொரு வகை உண்டு, சோடியம் அசிடேட் கரைசல். வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் மறுபடி திரவமாகும், பல தடவை பயன்படும். ஆனால் அரைமணி, ஒருமணி நேரத்தில் ஆறிவிடும். அதை நான் கையுறை மாற்றும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். எதையும் வெறும் தோலில் நேரடியாக வைக்காதீர்கள். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது.

கையுறையில் ஒரே ஜோடியை நம்பி இரண்டு குளிர்காலத்தை வீணாக்கினேன். எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் தூண்டில்காரர் கையில் இருக்கும் கையுறை ஒரு மணி நேரத்தில் நனையும். இரை கோக்க வேண்டும், மீனைப் பிடிக்க வேண்டும், ஈர நரம்பைத் தொட வேண்டும். நனையாத கையுறையைத் தேடுவதை விட்டுவிட்டேன். இப்போது மூன்று ஜோடி. ஒன்று விரல் நுனி இல்லாத கம்பளி, மேலே மூடிபோல மடித்துப் போட்டுக்கொள்ளும் குல்லாய் உள்ளது. காத்திருக்கும் நேரத்துக்கு அதுதான். இரண்டாவது மெல்லிய நைட்ரைல் கையுறை, மருத்துவமனையில் போடுவது போன்றது, ஒரு அளவு பெரிது. இரை கோக்கவும் முள் எடுக்கவும். மூன்றாவது ஜோடி கோட்டின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் கிடக்கும். முதல் ஜோடி நனைந்ததும் அது வெளியே வரும், நனைந்தது உள்ளே போகும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் மிட்டன் எப்போதும் சூடு அதிகம், அதனால் முடிந்தவரை மூடியைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அதைவிட முக்கியம் துண்டு. இரண்டு. ஒன்று அழுக்குக்கு, இரை பிசுக்கும் மீன் வழவழப்பும் துடைக்க. மற்றது சுத்தமாக, கடைசியாகக் கையை உலர்த்த மட்டும். ஒரே துண்டை இரண்டுக்கும் பயன்படுத்தினால் மூன்றாவது மீனுக்குள் அது ஈரக் கந்தலாகிவிடும், அதில் துடைப்பதும் துடைக்காததும் ஒன்று. கையை உலர்த்தாமல் கையுறை போடுவதைவிடக் கையுறை போடாமல் இருக்கலாம். விரல் இடுக்கு, நகக்கண் வரைக்கும் துடைத்த பிறகுதான் கை உள்ளே போகவேண்டும். இந்த இரண்டாவது துண்டுக்கு அப்புறம் என் நோட்டில் விரல் மரத்த நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. வேறு எதற்கும் இவ்வளவு பலன் கிடைக்கவில்லை.

விரல் மரத்தே போனால் என்ன செய்வது? ஊதுவதால் பிரயோஜனமில்லை, மூச்சில் ஈரம் இருக்கிறது. எழுந்து நின்று கையை முழு நீளத்துக்கு நீட்டி, தோளிலிருந்து ராட்டினம் மாதிரி முப்பது நாற்பது சுற்று வேகமாகச் சுற்றுவேன். சுற்றும் வேகத்தில் ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். அதற்கும் மசியாவிட்டால் அக்குளில், வெறும் தோலோடு தோலாக. தேய்க்கக் கூடாது. பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது. உறைந்த தோல் உள்ளே கிழியும். தோல் கட்டியாகி, அழுத்தினால் குழிவிழாமல், உணர்ச்சியே திரும்பாவிட்டால் அது வெறும் மரப்பு இல்லை, உறைவு. அப்போது தூண்டிலை மறந்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டிலோ மருத்துவமனையிலோ 37 முதல் 39 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுப்பார்கள். போகும் வழியில் மறுபடி உறையும் வாய்ப்பிருந்தால் இடையில் இளக்கவும் கூடாது.

காலுக்கு வருகிறேன். இங்கே நான் செய்த தப்பு மூன்று காலுறை. காலணி இறுக்கமானது, விரல் அசைய இடமில்லை, ரத்தமும் ஓடவில்லை. ஒரு அளவு பெரிய காலணி, ஒரு தடித்த கம்பளிக் காலுறை, உள்ளே விரல்களைப் பியானோ வாசிப்பது போல ஆட்ட இடம். போதும். உறைபனித் தரையில் குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் ஏறுகிறது. அடிப்பகுதி வழியாகச் சூடு தரைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். சித்தப்பா ஒரு பலகைத் துண்டைக் கயிற்றில் கட்டி இழுத்து வருவார், அதன்மேல்தான் நிற்பார். நான் உடற்பயிற்சிக்கு விரிக்கும் ஃபோம் பாயை வெட்டி இரண்டாக்கிக்கொண்டேன்: பெரியது காலுக்குக் கீழே, சிறியது உட்காருவதற்கு. எடையே இல்லை. அது இல்லாமல் பாறையில் உட்காரும் ஒவ்வொரு நிமிஷமும் பாறைக்குச் சூடு தானம்.

இரவு திரும்பியதும் காலணியின் உள்ளுறையைக் கழற்றி வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் மறுநாள் போனவர்கள் எல்லாம் பத்து மணிக்குத் திரும்பிவிட்டார்கள், நானும் சேர்த்து.

காற்றைப் பற்றி என் நோட்டு சொல்வது எனக்கே ஆச்சரியம். நான் சீக்கிரம் மரத்த நாள்கள் மிகக் குளிர்ந்த நாள்கள் அல்ல. மைனஸ் 8-இல் காற்றில்லாத ஒரு காலையில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். 2 டிகிரியில் ஊதல் காற்றடித்த ஒரு நாள் ஐம்பது நிமிஷத்தில் கிளம்பியிருக்கிறேன். பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இருவர் அன்டார்க்டிகாவில் பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றிக் காற்றில் தொங்கவிட்டு, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து 1945-இல் வெளியிட்டார்கள். காற்றுக் குளிர் என்று வானிலை அறிக்கையில் வரும் எண்ணுக்கு அதுதான் தொடக்கம். 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் மனித முகத்தை வைத்துச் சூத்திரத்தைத் திருத்தினார்கள். அதன்படி மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. இப்போது இடம் தேர்ந்தெடுக்கும்போது மீனுக்குச் சமமாகக் காற்றையும் பார்க்கிறேன். முதுகுப் பக்கம் மேடோ புதரோ இருக்கும் கரை. வெட்டவெளியில் மீன் கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும் அங்கே என்னால் ஒரு மணி நேரம்தான் இருக்க முடியும் என்றால் என்ன லாபம்?

தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்பார்கள். அப்படியில்லை, தலை உடம்பில் எவ்வளவு பரப்போ ஏறத்தாழ அவ்வளவுதான், பத்தில் ஒரு பங்கு. ஆனால் மற்றதெல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருப்பது அது ஒன்றுதானே, குல்லாய் போடத்தான் வேண்டும். கழுத்துக்கு ஒரு சுற்றுத் துணி அதைவிடக் கூடுதல் பலன் தந்தது எனக்கு.

கருவிகளும் குளிரில் படுத்தும், அந்தப் படுத்தலில்தான் கை நனைகிறது. கோலின் வளையங்களில் ஐஸ் கட்டிக்கொள்ளும். அதை நகத்தால் சுரண்டாதீர்கள். கோல் நுனியைத் தண்ணீரில் முக்கினால் இளகிவிடும், ஏனென்றால் ஏரித் தண்ணீர் காற்றைவிடச் சூடு. வளையங்களில் லிப் பாம் மெல்லியதாகத் தடவிப் போனால் ஐஸ் பிடிப்பது குறையும். பின்னல் நரம்பு தண்ணீரைக் குடித்து உறையும், ஒற்றை இழை நரம்பு அவ்வளவு இல்லை. முடிச்சுகளை எல்லாம் முதல் நாள் இரவே வீட்டில் போட்டு, முள்ளோடு சேர்த்துப் பத்து நரம்புத் துண்டுகளை அட்டையில் சுற்றி வைத்துவிடுவேன். கரையில் கொக்கியில் மாட்டினால் போதும். மீனும் இந்தக் காலத்தில் அவசரப்படாது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி, அதனால் அந்த நீர் அடியில் தங்கும், மீனும் அங்கேதான் ஒதுங்கும், உடம்பு குளிர்ந்து மெதுவாகத்தான் கொத்தும். இரையை மெதுவாக இழுக்க வேண்டும், அல்லது இழுக்காமல் விட்டுவிட வேண்டும். அதாவது மீன் நம்மை இன்னும் அதிக நேரம் அசையாமல் உட்காரச் சொல்கிறது. நான் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கோலைக் கிளையில் தாங்கவைத்துவிட்டு எழுந்து பத்து முறை உட்கார்ந்து எழுந்திருப்பேன். தொடைத் தசை பெரியது, அது வேலை செய்தால் உடம்பு முழுக்கச் சூடு பரவும். வேர்க்கும் முன் நிறுத்திவிட வேண்டும்.

திருப்பி விடும் மீனாக இருந்தால் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். உறைபனிக் காற்றில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தால் அதன் செவுளும் கண்ணும் உறைந்துவிடும்.

குடிப்பதற்கு ஃபிளாஸ்க்கில் இனிப்பான சூடான எதுவும். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீரும் கூடுதலாகப் போகும், அதனால் உடம்பில் நீர் குறைவது நமக்குத் தெரியாமலே நடக்கும். கழிப்பிடம் இல்லையே என்று பெண்கள் குடிக்காமல் இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், அன்றெல்லாம் நோட்டில் சீக்கிரமே மரத்ததாக இருக்கிறது. மது வேண்டவே வேண்டாம். அது தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிடும், முகம் சிவந்து சூடாகத் தெரியும், உள்ளே இருக்கும் சூடு வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்.

போன வருஷம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்தோரு வயது. அன்று மைனஸ் 3, லேசான தூறல். பதினொரு மணி வாக்கில் அவர் தக்கை அமிழ்ந்து எழுந்தது, அவர் கவனிக்கவில்லை. “சித்தப்பா, கொத்துது” என்றேன். ஏதோ சொன்னார், வார்த்தை வாய்க்குள்ளேயே குழறியது. எழுந்து நின்றபோது பலகையின் விளிம்பில் கால் தடுக்கியது. “குளிருதா?” என்று கேட்டதற்கு, “எனக்கென்ன குளிரு” என்றார். அவர் நடுங்கிக்கொண்டிருக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வயதானால் குளிர் உறைப்பதும் குறையும், நடுக்கமும் தாமதமாகத்தான் வரும். உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகும்போது நாக்கு குழறும், கை தடுமாறும், கால் தடுக்கும், மனசு எதிலும் ஒட்டாது. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை மோசம்.

தூண்டிலை அப்படியே போட்டுவிட்டு அவரைப் புதருக்குப் பின்னால் கூட்டிப்போனேன். கோட்டைக் கழற்றினால் தோள்பட்டை முழுக்க ஈரம், தையல் வழியாகத் தூறல் இறங்கியிருக்கிறது. என் மாற்றுச் சட்டையை அவருக்குப் போட்டேன், இறுக்கமாகத்தான் இருந்தது. மேலே என் ஃப்ளீஸ், தலைக்குக் குல்லாய், உட்கார ஃபோம் பாய். சூடு பைகளைச் சட்டைக்கு மேலே அக்குளில் வைத்தேன். கை காலைத் தேய்க்கவில்லை. பேச்சு தெளிவாக இருந்தபிறகுதான் ஃபிளாஸ்க்கைக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தார். நடுக்கத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். வண்டி வரைக்கும் மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் திரும்பினோம்.

தனியாகப் போயிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். அரைமணிக்கு ஒருமுறை ஒருவரை ஒருவர் பெருவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்வோம். தொட முடியாதவர் சொல்லுக்கு அப்புறம் மதிப்பில்லை, மற்றவர் சொன்னால் கிளம்பிவிட வேண்டும். விவாதம் கிடையாது. சித்தப்பாவும் ஒப்புக்கொண்டார், இரண்டு முறை என்னைக் கிளப்பியும் விட்டார்.

உறைந்த ஏரிமேல் போவதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன், எனக்கு அதில் அனுபவம் கொஞ்சம்தான். 10 சென்டிமீட்டர் தெளிவான, நீலம் பாய்ந்த ஐஸ் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. வெள்ளை ஐஸ் பாதி பலம்தான், அது இரண்டு மடங்கு தடிப்பு இருக்கவேண்டும். விழுந்துவிட்டால் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லித்தரும் 1-10-1 கணக்கை நினைவில் வையுங்கள்: முதல் 1 நிமிஷம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர, அடுத்த 10 நிமிஷம் கைகால் சொன்னபடி கேட்கும், அதற்குள் வெளியே வர முயல வேண்டும், நினைவு தப்ப 1 மணி நேரமாவது ஆகும். பதறி முதல் நிமிஷத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடுவதுதான் பலரைக் கொல்கிறது. கூடாரத்துக்குள் ஸ்டவ்வோ ஹீட்டரோ வைத்தால் மேலும் கீழும் காற்று போக வழி திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலியும் தூக்கமும் வந்தால் உடனே வெளியே வாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குத் தீராத ஒன்று இருக்கிறது: இடது கை ஆள்காட்டி விரல். மீன் கொத்துவதை அந்த விரலில் நரம்பைத் தொட்டுத்தான் உணர்கிறேன், அதனால் அது மட்டும் மூடிக்கு வெளியே இருந்தாக வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் அது வெளுத்துவிடுகிறது. தக்கையைப் பார், நரம்பைத் தொடாதே என்கிறார் சித்தப்பா. எனக்கு மனசு வரவில்லை. குளிர்காலக் கொத்து அவ்வளவு மெல்லியது, தக்கை அசைவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். வரும் சனிக்கிழமை அந்த ஒரு விரலுக்கு மட்டும் மெல்லிய பட்டில் ஒரு உறை தைத்துப் போட்டுப் பார்க்கப் போகிறேன். துணி வெட்டியாகிவிட்டது. நோட்டில் பக்கமும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.